ஹனாவின் பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒரு திருத்தம்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
04.11.2007

அன்பு மகள் நோராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஹனாவும் மருமகனும் சுகமாயிருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். கோபத்தோடு மன்றாடினால் அவர் காதில் விழுமோ தெரியாது. என்றாலும் கேட்டேன்.

உன் மின்னஞ்சலைத் தம்பி யூலியன் அச்செடுத்துத் தந்தான். பதினேழு வரி. பதினேழும் நோர்வேஜிய மொழியில். பிழையில்லாமல் விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மொழியில் எழுதுகிறேன் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறாய். விளங்கியது பிள்ளை, நன்றாகவே விளங்கியது. சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பனிக்குள்ளே உன்னை இழுத்துக்கொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். பத்து வருடம் போனேன். அதனால் நான் தமிழில்தான் எழுதுவேன். ஆறுதலாக எழுத்துக்கூட்டி வாசி. விளங்காத சொல் வந்தால் போன் எடுத்துக் கேள். அந்தச் சாட்டிலாவது உன் குரலைக் கேட்பேன்.

நீ கேட்டிருப்பது இதுதான். ஹனாவின் மூன்றாவது பிறந்தநாளுக்கு நாங்கள் இங்கேயுள்ள தமிழ் இணையத்தளத்தில் போட்ட வாழ்த்துக்கு ஒரு திருத்தம் போட வேண்டும். படத்தில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் யப்பானியர் பிள்ளையின் தகப்பன் இல்லை, குடும்ப நண்பர், தவறுதலாக எழுதிவிட்டோம் என்று போட வேண்டும். தமிழிலும் போட வேண்டும், ஆங்கிலத்திலும் போட வேண்டும். பெற்றவர்களாகிய எங்கள் பெயரும் அடியில் இருக்க வேண்டும். போடாவிட்டால் மருமகன் ஷின்சாகுவின் வேலை போய்விடும், எங்களோடு உனக்கு இனிக் கதையும் இல்லை.

என் பதில்: மாட்டேன்.

இனி ஒரு உண்மையைச் சொல்கிறேன். இதை நீ உட்கார்ந்து வாசி. வாழ்த்தைப் போட்டது அப்பா இல்லை. நான்தான்.

நீ போனில் கத்திய அன்று அப்பா எடுத்தார். "ஓம் பிள்ளை, நான்தான், விசர்த்தனமாய்ச் செய்துபோட்டன்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். நான் பக்கத்தில் ஈரக் கையோடு நிற்கிறேன், என்னைப் பார்த்துப் பேசாதே என்று கையால் காட்டுகிறார். பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "தாயோடை கோவிச்சுக்கொண்டால் அவள் தன்ரை மனதை ஆரிட்டைச் சொல்லுறது? என்னோடை கோவிக்கட்டும், எனக்குப் பழக்கம்" என்றார். மூன்று கிழமையாக என் பிழையை அவர் தன் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தால் கதிரையைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருக்கிறார். அந்த மனிசனை நீ இனித் தண்டிக்கக் கூடாது. கோபிக்க வேண்டுமென்றால் இந்தா, நான் இருக்கிறேன்.

ஏன் போட்டேன் என்றும் கேள். செப்ரெம்பரில் ரொம்மனில் சூசைரட்ணம் அண்ணையின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நான விருந்து. இருநூறு சனம். அவருடைய மனைவி ரோல்ஸ் தட்டை நீட்டிக்கொண்டே, "நோராவின்ரை பிள்ளை நல்ல வடிவாம் என்ன? தகப்பன் ஆரெண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாதாம்" என்று கேட்டாள். மேசையில் இருந்த எட்டுப் பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தகப்பன் தோக்கியோவில் ஒரு கொம்பனியில் வேலை என்றேன். எந்தக் கொம்பனி என்று கேட்டாள். என் பிள்ளை கோயிலில், குருவானவர் முன்னால், தாலி கட்டித்தான் போனவள். அதைச் சொல்ல முடியாமல் கள்ளிபோல ரோல்ஸைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நாலு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்து மறைத்து எனக்குக் கை உளைந்துவிட்டது நோரா.

அடுத்த கிழமை இரத்தினவேலுக்குப் போன் எடுத்தேன். அந்த இணையத்தளத்தை நடத்துகிறவர் அவர்தான். மரண அறிவித்தல், கலியாண வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் போடுவார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது றேடியோவில் உன் பெயர் வாசிப்பார்களே, இப்போது அதுவே படத்தோடு வருகிறது. எங்கள் சனத்துக்குப் பிறந்தநாள் என்றால் அது இல்லாமல் முடியாது. எல்லாரும் போடுவதுபோல நானும் போட்டேன்: ஒஸ்லோ அருட்பிரகாசம் அனஸ்ரேசியா தம்பதியரின் பாசமிகு பேத்தி, பிரபல யப்பானிய நடிகர் ஷின்சாகு, நோரா தம்பதியரின் செல்வப் புதல்வி ஹனா, அவளை அம்மம்மா, அம்மப்பா, ஒஸ்லோ மாமா யூலியன், கனடா சின்னம்மா மரியரஞ்சனி எல்லாரும் வாழ்த்துகின்றனர். தமிழில்தானே இருக்கிறது, யப்பான்காரன் எங்கே வாசிக்கப் போகிறான் என்று நினைத்தேன். இரத்தினவேல்தான் கேட்டார், "அக்கா, கனடாப் பிள்ளையளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, பேரை இங்கிலீசிலையும் போடுவமோ?" என்று. தாராளமாகப் போடுங்கோ என்றேன். மருமகனின் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக நானே சொன்னேன்.

அந்த ஆங்கில எழுத்தை வைத்துத்தான் உங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள் என்று இப்போது தெரிகிறது. ஒரு நடிகரின் பெயரை ஒவ்வொரு நாளும் இணையத்தில் தட்டித் தட்டித் தேடுகிற குமர்ப்பிள்ளைகள் இருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அது என் பிழை. மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒரு தகப்பனைத் தகப்பன் என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஷின்சாகுவின் தொழில் உனக்கு விளங்காது அம்மா என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிழையென்றால் திருத்து.

இருபது வயதில் சரித்திர நாடகங்களில் பிணமாகப் படுக்கத் தொடங்கியவர். மூன்று வருடம் பிணம். நாலாம் வருடம் வெட்டுப்பட்டு விழ முதல் ஒரு வசனம் கொடுத்தார்கள். காலையில் பேப்பர் போட்டுவிட்டுப் பிணமாகப் படுக்கப் போவாராம், அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு சின்னப் பிள்ளைகளின் தொடரில் றப்பர் உடுப்புப் போட்ட வீரன். முகம் தெரியத் தொடங்கியது, ஒரு படத்திலும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் கூரையிலிருந்து குதித்து முழங்கால் சில்லு உடைந்தது. ஒன்றரை வருடம் படுத்தார். எழும்பி வந்தபோது அவருடைய இடத்தில் வேறொரு வடிவான பெடியன் நின்றான். முகத்தை வேண்டாம் என்றவர்கள் குரலை வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் கொடுத்தார். நோர்வேப் படம் ஒன்று வந்தபோது ஊர்ப் பெயர்களைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கப் போன மாணவி, தோக்கியோவில் படித்துக்கொண்டிருந்த நீ. அவர் லொபோத்தன் தீவு மீன்பிடிகாரனுக்குப் பேசினார். நீ திருத்தினாய். திருத்தித் திருத்திக் கலியாணப் பேச்சில் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் குரல் கொடுக்கிற அந்தக் கார்ட்டூன் இளவரசன் வந்து சேர்ந்தான். வெள்ளித் தலைமயிரோடு, பதினாறு வயதில். மருமகனுக்கு அப்போதே முப்பது. இளவரசனின் பிறந்தநாளுக்கு யப்பான் பெண்கள் உண்மையான கேக் செய்து அனுப்புகிறார்கள் என்று நீ சொன்னபோது நானும் சிரித்தேன். அந்தப் பெண்களுக்கு மனைவியும் பிள்ளையும் உள்ள இளவரசன் வேண்டாமாம். அதனால் அவரை வைத்து வேலை செய்விக்கிற நிறுவனம் ஒரு நிபந்தனை வைத்தது: கலியாணத்தைச் சொல்லக் கூடாது. இரண்டு வருடத்துக்குத்தான் அம்மா என்றாய். எங்கள் கோயிலில் இருபத்துமூன்று பேரோடு, வீடியோ இல்லாமல், மண்டபம் இல்லாமல், உன் கலியாணத்தை முடித்தோம். தமிழ்ச் சனத்துக்குள் வீடியோ இல்லாத கலியாணம் எங்கேயாவது நடந்ததா? அப்பா அன்று குருவானவரிடம், "பிள்ளையின்ரை விருப்பம் ஃபாதர்" என்று நாலு தரம் சொன்னார். இரண்டு வருடம் முடிந்தது. தொடர் நன்றாக ஓடுகிறது, இன்னும் இரண்டு வருடம் என்றாய். இப்போது அதைச் சினிமாவாக எடுக்கிறார்கள் என்கிறாய். அந்த இளவரசனுக்கு எப்போதும் பதினாறு வயதுதான். ஹனாவுக்கு அப்படியே நிற்காது.

நான் அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு வந்து மூன்று மாதம் உங்களோடு இருந்தவள் நான். மருந்துச் சரக்கு அரைத்து உனக்கு வைத்த கறியை அவரும் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார். பிள்ளையின் துணி தோய்த்தார். ஒருநாள் அலுமாரிக்குள்ளே போர்வையை மூடிக்கொண்டு யாரோ விம்மி அழுகிற சத்தம் கேட்டு நான் பயந்து கதவைத் திறந்துவிட்டேன். மருமகன்தான். அடுத்த நாள் பேச வேண்டிய அழுகையைப் பழகுகிறார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று அலுமாரிக்குள் இருந்து அழுகிறாராம்.

பிறகு நீ என்னைக் குரல் பதிவுசெய்கிற இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போனாய், நோர்வேயிலிருந்து வந்த விருந்தாளி என்று சொல்லி. பதினைந்து பேருக்கு நாலு மைக். ஒருவர் பேசி விலக மற்றவர் பூனைமாதிரிப் போய் நிற்கிறார். தாள் புரட்டுகிற சத்தம்கூட இல்லை. சரசரக்கும் என்று எல்லாரும் பருத்தி உடுப்பு. மருமகன் அந்த அழுகையை அழுதார், மொழி தெரியாத எனக்கே கண் கலங்கிவிட்டது. பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வெளியே வந்து லிஃப்ற்றில் நாங்கள் நாலு பேரும் நிற்கிறோம். பிள்ளை உன் நெஞ்சில் கட்டியிருக்கிறது. வேறு இரண்டு பேர் ஏறினார்கள். அவர் உடனே சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். பிள்ளை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது, அவர் திரும்பவில்லை. றோட்டில் இறங்கி ஐம்பது அடி முன்னுக்குப் போய்விட்டார். நீ ஒன்றுமே நடக்காததுபோல என்னோடு மீன் விலையைக் கதைத்துக்கொண்டு வந்தாய். எனக்குக் கோபம் வந்தது அவரில் இல்லை, உன்னில்.

இப்போது அவருடைய நிறுவனம் விட்ட அறிக்கையை நீ அனுப்பியிருக்கிறாய். அவர் கலியாணம் செய்யாதவர், படத்தில் இருப்பது தெரிந்த ஒருவரின் பிள்ளை, தொடர்ந்தும் ஆதரவு தாருங்கள். அதற்குத்தான் எங்கள் கையெழுத்தும் சாட்சியாக வேண்டும். இயேசுவைத் தெரியாதென்று இராயப்பர் மூன்று தரம் மறுதலித்தார் நோரா. அவருக்குச் சேவல் கூவியது, வெளியே போய் மனங்கசந்து அழுதார். உங்கள் தோக்கியோவில் சேவலே இல்லையா?

பத்திரம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அரசாங்கப் பதிவில் அவர்தான் புருசன், அவர்தான் தகப்பன் என்று எழுதியிருக்கிறாய். யார் பார்க்கிற பதிவு அது? ஒரு பிள்ளை பதிவைப் பார்த்தா தகப்பனை அறிகிறது?

நான் போட மாட்டேன். இதை உன் புருசனுக்கும் மொழிபெயர்த்துச் சொல். குளிர் தொடங்கிவிட்டது, ஹனாவுக்குப் பின்னிய மேற்சட்டை தனியாக வருகிறது. அப்பாவுக்குப் போன் எடு. என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியையும் எனக்குப் பொறுமையையும் தருவாராக.

கோபத்திலும் உன் தாய்தான்,
அனஸ்ரேசியா


ஹொல்ம்லியா, ஒஸ்லோ
25.11.2007

என் பிள்ளை நோராவுக்கு,

நீ இணையத்தைப் பார்த்திருப்பாய். போட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணியிலிருந்து அது அங்கே இருக்கிறது. இனி உன் மனம் ஆறட்டும் என்று எழுத நினைத்தேன். என் மனம் ஆறாமல் உனக்கு எப்படி எழுதுவது?

நீ போன கிழமை போன் எடுத்தபோது நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ சொல்லச் சொல்ல அந்த ஏச்செல்லாம் மறந்துபோனது. இரண்டு பெண்கள் ஹனாவின் பாலர் பாடசாலை வாசலில் கமராவோடு நின்றார்கள், ஒருத்தி குனிந்து, இளவரசனுக்குக் குரல் கொடுக்கிறவர் உன் அப்பாவா செல்லம் என்று கேட்டாள் என்றாய். அந்நியர் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து நிற்கிறார்களே, யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. நீ அடுத்ததாகச் சொன்னாய்: "ஹனா வடிவாய்ச் சொல்லியிருக்கிறாள் அம்மா, அவர் மாமா எண்டு. ஒரு பிழையும் விடேல்லை" என்று. உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பிள்ளை சோதனையில் சித்தியடைந்த தாயின் நிம்மதி.

நான் கேட்டேன், மாமா என்று சொல்ல எப்போது பழக்கினாய் என்று. வெளியில் மட்டும்தான் என்று முதலில் சொன்னாய். பிறகு நீயே, சின்னப் பிள்ளைக்கு உள் வெளி தெரியாதுதானே, கோடையிலிருந்து வீட்டுக்குள்ளும் அப்படித்தான் என்றாய். அவள் அவரை அப்பா என்று தமிழில்தானே கூப்பிட்டவள், யப்பான்காரருக்கு விளங்காத சொல்தானே, அதையும் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதிலை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "சொல் விளங்காட்டிலும், அவள் கூப்பிடுற விதத்திலை விளங்கிவிடும் அம்மா."

அதற்குப் பிறகு நான் என்ன மறுப்பது? வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். பிள்ளைக்குப் பயம். நான் இங்கே இருந்து மானம் பார்த்தால் அங்கே அந்தச் சின்னதுதானே அடிபடப் போகிறது. சரி என்றேன். உனக்காகவோ அவருடைய சினிமாவுக்காகவோ இல்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவும் நானும் ரொம்மனுக்குப் போனோம். இரத்தினவேல் வீட்டின் கீழ்த்தட்டில் ஒரு அறையில்தான் இணையத்தளம் நடக்கிறது. அவர் கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். நான் சொல்லச் சொல்லத் தட்டினார். "அக்கா, நல்லாய் யோசிச்சுத்தான் சொல்லுறியளோ? வாழ்த்தைப் பேசாமல் எடுத்துவிடுவம், ஒருத்தரும் கவனிக்காயினம்" என்று மூன்று தரம் கேட்டார். எடுத்தால் போதாதாம், மறுக்கவும் வேண்டுமாம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனால் மேலே கேட்கவில்லை, நல்ல மனிசன். அப்பா கதிரையில் இருக்கவில்லை. கதவடியில் சப்பாத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீ அனுப்பிய வசனத்தையே போட்டோம். "14.10.2007 அன்று வெளியான பிறந்தநாள் வாழ்த்தில் குறிப்பிடப்பட்ட யப்பானிய நடிகர் குழந்தையின் தந்தை அல்லர். அவர் எமது குடும்ப நண்பர். தவறுக்கு மனம் வருந்துகிறோம். அருட்பிரகாசம், அனஸ்ரேசியா." தந்தை அல்லர் என்றால் தந்தை யார் என்று எழுத வேண்டுமோ என்று இரத்தினவேல் மெல்லக் கேட்டார். அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். "வேண்டாம் தம்பி, அந்த இடத்தை வெறுமனே விடும்" என்றார். ரயிலில் வரும்போது ஹொல்ம்லியாவில் இறங்காமல் விட்டுவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போய்த் திரும்பி வந்தோம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று இரவுக்கு முதல் மரியரஞ்சனி கனடாவிலிருந்து அழுதுகொண்டு எடுத்தாள். "என்னக்கா, அப்ப அது ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டாள். என் கூடப்பிறந்தவள், அவளுக்கும் என்னால் உண்மை சொல்ல முடியவில்லை. அவளிடம் சொன்னால் ரொறொன்ரோ முழுக்கத் தெரியும், அங்கிருந்து உங்கள் கமராக்காரிகளுக்கும் தெரியும். ஒன்றும் கேளாதே தங்கச்சி என்று வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் சூசைரட்ணம் அண்ணையின் மனைவி ஒரு சட்டி நிறைய இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். செத்தவீட்டுக்கு வருகிற மாதிரியே வந்து, மெல்லிய குரலில் கதைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளையள் அக்கா, நீங்கள் என்ன செய்வியள்" என்றாள். அவளுடைய இரக்கத்தை நான் விழுங்கினேன். விருந்தில் அவள் கேட்ட கேள்வியை விட இது கசந்தது. அவள் போன பிறகு சொதியைத் தொட்டியில் ஊற்றினேன். அதுவும் பாவம்தான், பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்ல வேண்டும்.

இன்றைக்குப் பூசையில் எல்லாரும் எங்களுக்கு வழி விட்டார்கள். இரண்டு நாளில் என் பிள்ளை தாலி கட்டியவள் இல்லை என்றாகிவிட்டது, பேத்தி தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை என்றாகிவிட்டது. சொன்னது ஊர் இல்லை. நான் சொன்னேன், என் பெயர் போட்டுச் சொன்னேன். அந்தக் கேவலத்தை நான் சுமப்பேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, இன்னும் எத்தனை விருந்துக்குப் போகப் போகிறேன்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இவ்வளவு நடந்தும் மருமகன் ஒரு தரம்கூடப் போன் எடுக்கவில்லை. மாமி, நீங்கள் செய்தது பெரிய உதவி என்று சொல்ல வேண்டாம். மாமி, மன்னியுங்கோ என்றும் சொல்ல வேண்டாம். நோர்வேஜிய மொழியில் நீ பழக்கிய நாலு சொல்லில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். அவர் கூச்சக்காரர் அம்மா, வெட்கத்தில் முகம் கொடுக்க முடியாமல் இருக்கிறார் என்று நீ சொல்வாய். இளவரசனுக்காக அழத் தெரியும், அவனுடைய குதிரை செத்தால் அழத் தெரியும், மீன்பிடிகாரனுக்குப் பேசத் தெரியும். சொந்த வாயால் சொந்த விடயம் பேசத்தான் ஆள் இல்லை. நீயும் அவருக்கு வக்கீலாகி விட்டாய். நீ சின்னப் பிள்ளையில் ஒரு பொய் சொன்னாலும் காது சிவந்துவிடும். இப்போது போனில் உன் காது எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்மஸுக்கு வர மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்கவும் இல்லை. சினிமா வெளிவந்து, அடுத்த சினிமாவும் வெளிவந்து, அவருக்குத் தலை நரைத்து, ஒரு நாள் நிறுவனம் இனிச் சொல்லலாம் என்று அனுமதி கொடுக்கும். அன்றைக்கு நீ இரத்தினவேலுக்குப் போன் எடுத்து எந்தத் திருத்தத்தையும் போடலாம். ஊர் ஒரு கிழமை கதைத்துவிட்டு மறந்துவிடும். எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனால் ஹனாவுக்கு மூன்று வயது. மூன்று வயதில் சொல்லிக்கொடுத்தது எலும்புக்குள் போய்விடும். அவர் மாமா என்று அவள் இப்போது நடிக்கவில்லை பிள்ளை. நம்பத் தொடங்கிவிட்டாள். நீ போனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு திறந்த சத்தம் கேட்டது. அவர்தான் வேலையால் வந்தார் என்று நினைக்கிறேன். முன்பு என்றால் அவள் ஓடுகிற சத்தம் கேட்கும். இந்த முறை கேட்கவில்லை. விளையாட்டுச் சாமான் தட்டுகிற சத்தம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தது. நீ கவனித்தாயோ தெரியாது.

உன்னிடம் நான் இனி வேறொன்றும் கேட்கப் போவதில்லை. இதைக் கேட்கிறேன், காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள். கதவைப் பூட்டு, யன்னலைச் சாத்து, திரைச்சீலையையும் இழுத்து விடு. அவர் அழப் பழகிய அந்த அலுமாரிக்குள்ளே போய் இருக்கட்டும், வெளியே ஒரு சத்தமும் கேளாது. பிள்ளையை மடியில் இருத்தி, அவளுடைய காதுக்குள்ளே, நான் உன் அப்பா என்று அவர் சொல்லட்டும். இளவரசனின் குரலில் வேண்டாம், தன்னுடைய குரலில் சொல்லட்டும். ஒரு நாள் சொன்னால் போதாது, ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும். அவள் திரும்பவும் அவரிடம் ஓடிப் போகிற வரைக்கும் சொல்ல வேண்டும்.

அப்பா தன் அன்பைச் சொல்லச் சொன்னார். நீ போன ஞாயிறு எடுத்துக் கதைத்ததில் அவருக்குப் பெரிய சந்தோசம், இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆண்டவர் உன்னையும், பிள்ளையையும், பிள்ளையின் தகப்பனையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அம்மா,
அனஸ்ரேசியா